சண்டுக் கடையும் ஊசி முனையும்

மலாயாவின் பழைய சர்க்கார் வரவுசெலவுக் கணக்குகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒரு விந்தையைக் காண்பர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று துறைமுகங்களும் சேர்ந்த ஸ்டிரெய்ட்ஸ் குடியேற்றத்தின் வருமானத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஏறத்தாழச் சரிபாதி அபினியிலிருந்தே வந்தது. சாலைகளும் பாலங்களும் நீதி ஸ்தலங்களும் ஆஸ்பத்திரிகளும் சீனக் கூலியின் சண்டுக் குழாயிலிருந்து எழுந்த புகையின்மேல் நிறுத்தப்பெற்றவை எனின் அது மிகையாகாது. அவ்வபினி விளைந்ததோ இந்தியாவில். பாட்னா, காசிப் பகுதிகளின் உழவர் சர்க்கார் முன்பணம் பெற்றுப் பயிரிட்டதைக் கல்கத்தாவில் ஏலமிட்டுக் கப்பலேற்றினர். உழவன் ஒரு நாட்டான், புகைப்பவன் வேறு நாட்டான், இருவருக்குமிடையே நின்று பணம் எண்ணியவர் மூன்றாம் நாட்டார்.

முதலில் இவ்வியாபாரம் குத்தகைக்கு விடப்பெற்றது. அதிகத் தொகை கேட்ட முதலாளி குத்தகை எடுத்து, அபினியைக் காய்ச்சிச் சண்டாக்கி விற்று வந்தார். 1910-ஆம் ஆண்டில் சர்க்காரே அவ்வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் பகுதியில் சண்டு காய்ச்சும் தொழிற்சாலையையும் நடத்தியது. அங்குள்ள குன்றுக்கு இன்றும் புக்கிட் சண்டு என்றே பெயர். இதனை எதிர்த்தோர் இல்லாமலில்லை. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் வைத்தியம் கற்றுத் திரும்பிய டாக்டர் ஊ லியன் தே என்பார் அபினி எதிர்ப்புச் சங்கத்தின் முன்னணியில் நின்று பேசியும் எழுதியும் வந்தார். அவர்தம் வைத்திய சாலையைச் சோதனையிட்ட அதிகாரிகள், நோயாளர்க்கென வைத்திருந்த ஒரே ஒரு அவுன்சு அபினிச் சாற்றைக் கண்டெடுத்து, அனுமதியின்றி அபினி வைத்திருந்த குற்றத்துக்காக அவருக்கே அபராதம் விதித்தனர். மணங்குக் கணக்கில் சண்டு விற்ற ஆட்சி ஓர் அவுன்சுக்காக ஒரு வைத்தியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது! அவர் 1908-ல் சீனத்துக்குப் போய், மஞ்சூரியாவில் கொள்ளை நோயை அடக்கி உலகப் புகழ் பெற்றது வேறு கதை.

நம் தமிழ்த் தொழிலாளரைப் பற்றிய மட்டில், அக்காலத்தில் அவர்களைக் கெடுத்தது சண்டன்று, கள்ளே. தோட்டந்தோறும் கள்ளுக்கடை வைத்துக் கூலியாகக் கொடுத்ததை மாலையில் திரும்பப் பெற்றுக்கொண்ட கதையைத் தனியே எழுத வேண்டும். இங்கு நாம் சொல்லப் புகுந்தது, சண்டுக் கடை மூடிய பின் அதன் இடத்தில் வந்து குந்திய ஊசியையும், அவ்வூசி முனையில் ஒட்டிக்கொண்டு வந்த ஈரல் நோயையும் பற்றியதாகும்.

உலகப் போர் முடிந்ததும், 1946-ல், சண்டு தடை செய்யப்பெற்றது. தடை நல்லதே. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சர்க்கார் முத்திரையிட்ட சண்டை வாங்கிப் புகைத்தவன் மறுநாள் முதல் என் செய்வான் என்பதை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. சிங்கப்பூருக்கு அடுத்த செயிண்ட் ஜான்ஸ் தீவில் அபினிக்கு அடிமைப்பட்டோர்க்கென ஒரு சிகிச்சை நிலையம் தோன்றியது 1955-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் நேற்றைய வாடிக்கைக்காரன் இன்றைய கைதியானான்.

நிற்க. ஊசியின் பிறப்பைச் சற்று நோக்குவோம். உள்ளே துளையுள்ள ஊசியும் குழாயும் கொண்டு மருந்தை உடம்பினுள் செலுத்தும் கருவி 1853-ஆம் ஆண்டில் உருப்பெற்றது. எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் வூட், பிரெஞ்சு தேசத்து லியோன் நகரின் சார்ல் பிரவாஸ் என்னும் வைத்தியர் இருவரும் தனித்தனியே அதனை ஆக்கினர். வூட் அதனால் செலுத்தியது அபினியின் சத்தாகிய மார்பினையே. வாய்வழி உண்டால்தான் பசியைப் போன்ற பழக்கம் உண்டாகும், தோலின் கீழ்ச் செலுத்தினால் உண்டாகாது என்று அக்கால வைத்தியர் பலர் மெய்யாகவே நம்பினர். அந்நம்பிக்கை எத்தகையது என்பதை மார்பினுக்கு அடிமைப்பட்ட நோயாளிகள் விரைவிலேயே காட்டிவிட்டனர். பின்னர் 1898-ல் ஜெர்மானியக் கம்பெனியாகிய பேயர், மார்பினினும் வலிய ஒரு பொருளை ஹெராயின் என்னும் பெயரால் இருமல் மருந்தாகக் கடைக்கு அனுப்பியது.

சிங்கப்பூரின் ரிக்ஷாக் கூலிகளிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மார்பின் ஊசி பரவியது. காரணம் வெறி அன்று, விலைதான். சண்டின்மேல் வரி ஏறிற்று, ஊசியோ மலிவாய்க் கிடைத்தது. சில காசுகளுக்கு ஒருவன் ஊசி போடுவான், மற்றவர் வரிசையாய்க் கையை நீட்டுவர். ஊசி ஒன்று, கைகள் பல. இந்த ஒரு காட்சியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வருவன எல்லாம் இதன் விளைவே.

ஊசி மருந்தை மட்டும் கொண்டு செல்வதன்று, முன்னவன் இரத்தத்தையும் கொண்டு செல்வது என்பதற்கு முதல் எச்சரிக்கை 1929-ல் கெய்ரோ நகரிலிருந்து வந்தது. ஹெராயின் ஊசி போட்டுக்கொள்வோரிடையே கடுமையான மலேரியாக் காய்ச்சல் பரவியது. நம் தோட்டத்து மக்களுக்கு மலேரியாவைப் பற்றி எவரும் பாடஞ்சொல்ல வேண்டியதில்லை. காடு வெட்டிய முதல் தலைமுறையைக் கூட்டங்கூட்டமாய்ப் புதைத்த நோய் அது. ஆயினும் அது கொசுவின்றிப் பரவும் என்று எவர் எண்ணியிருப்பர்? கெய்ரோவில் அது ஊசி வழியே ஒருவன் இரத்தத்திலிருந்து மற்றவன் இரத்தத்துக்குத் தாவியது. 1930-களில் நியூயார்க் நகரிலும் அவ்வாறே நேர்ந்து பலர் மாண்டனர். மலேரியாக் கிருமி போகும் வழியில் வேறு கிருமி போகாதா என்னும் கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். மாண்டோர் எத்தகையவர் என்பதால் அக்கேள்வியை எழுப்ப ஊருக்கு அவசரமிருக்கவில்லை போலும்.

ஊசியால் வரும் நோயைப் பாவத்தின் சம்பளம் என்று கருதுவோர் இன்றும் உளர். ‘அவன் வேண்டித் தேடிக்கொண்டது’ என்பர். அவர்க்கு விடை கூறுதற்பொருட்டு மீண்டும் எகிப்து நாட்டுக்கே செல்வோம். இம்முறை நகரத்தை விட்டு நைல் நதிக்கரைக் கிராமங்களுக்கு.

அக்கிராமத்து உழவரைப் பன்னெடுங்காலமாய் வாட்டிய நோய் பில்ஹார்சியா. வாய்க்கால் தண்ணீரில் நின்று வேலை செய்வோர் தோலைத் துளைத்து உட்புகும் ஒரு புழுவால் அது வரும். சிறுநீரில் இரத்தம் போகும், ஈரல் கெடும். அதனை ஒழிக்க வேண்டுமென்னும் நல்லெண்ணத்தோடு எகிப்திய சர்க்கார் 1950-கள் முதல் 1980-களின் தொடக்கம் வரை ஊர்தோறும் பெரும் இயக்கம் நடத்தியது. மருந்து டார்ட்டர் எமெட்டிக் என்னும் உப்பு. அதனை நாளத்தில் ஊசியாய்ச் செலுத்த வேண்டும். ஒரு முறையன்று, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முதல் பதினாறு ஊசிகள். உழவரும் அவர்தம் பிள்ளைகளும் வரிசையாய் நின்றனர். கண்ணாடிக் குழாய் ஊசிகள் போதிய அளவு கொதிக்க வைக்கப்பெறாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறின. புழு நோய் தணிந்தது. ஆனால் புழுவைக் கொன்ற ஊசியே, அந்நாளில் பெயர்கூட இல்லாதிருந்த மற்றொரு நோயை ஊர் முழுதும் விதைத்துச் சென்றது. 2008-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி 15 முதல் 59 வயதுக்குட்பட்ட எகிப்தியருள் நூற்றுக்கு 14.7 பேர் இரத்தத்தில் அந்நோயின் தடம் இருந்தது. ஹெப்பட்டைட்டிஸ் ‘சி’ என்பது அதன் இன்றைய பெயர்.

அவ்வுழவர் செய்த பாவம் யாது? சர்க்கார் அழைத்தது, வந்து கையை நீட்டினர். நம் தோட்டங்களிலும் டிரசர் கண்ணாடி ஊசியைக் கொதிநீரிலிட்டு எடுத்துப் பலருக்கும் போட்ட காலம் ஒன்று இருந்ததை முதியோர் மறந்திரார். வெள்ளைச் சட்டைக்காரன் கையிலிருந்தாலும் சந்துமுனைக்காரன் கையிலிருந்தாலும் கழுவாத ஊசி ஒரே வேலையைத்தான் செய்கிறது.

இந்நோயைக் கண்டுபிடித்த வரலாறும் சுவையானதே. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஈரல் அழற்சிகளில் ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இருவகைக் கிருமிகளை 1970-களுக்குள் அறிந்துவிட்டனர். இரத்தம் ஏற்றிக்கொண்டோர் பலருக்கு வந்த அழற்சியோ இவ்விரண்டிலும் அடங்கவில்லை என்பதை அமெரிக்க வைத்தியர் ஹார்வி ஆல்டரும் அவர் கூட்டாளிகளும் 1975-ல் காட்டினர். ‘ஏ’யுமன்று ‘பி’யுமன்று என்பதே பதினான்கு ஆண்டுகள் அதற்குப் பெயராயிருந்தது. 1989-ல் மைக்கேல் ஹவுட்டன், சூ குய் லிம், ஜார்ஜ் குவோ ஆகியோர் கலிபோர்னியாவில் கைரான் என்னும் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அக்கிருமியைப் பிடித்தனர். இவருள் சூ குய் லிம் சிங்கப்பூரில் பிறந்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 2013-ல் கனடா நாட்டின் கெயர்ட்னர் பரிசு ஹவுட்டனுக்கு மட்டும் அளிக்கப்பெற்றபோது, தம்மோடு உழைத்த இருவரையும் விட்டுவிட்டுத் தமக்கு மட்டும் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். 2020-ஆம் ஆண்டு நோபல் பரிசு ஆல்டர், ஹவுட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. மூவர்க்கு மேல் கொடுப்பதில்லை என்னும் விதியால் நம் சிங்கப்பூரார் பெயர் அதில் ஏறவில்லை.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். சண்டு மறைந்து ஒரு தலைமுறை கழிவதற்குள் ஹெராயின் வந்தது. பர்மா, தாய்லாந்து, லாவோஸ் எல்லைகள் கூடும் மலைகளில் விளைந்த அபினி ஹெராயினாகி 1970-களில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புகுந்தது. சண்டு பெரும்பாலும் சீனரோடு நின்றது; ஹெராயினோ மூவினத்து இளைஞரையும் பற்றியது. முதலில் புகைத்தனர். புகைப்பதில் ஒரு பகுதி காற்றோடு போகும்; ஊசியிலோ ஒரு துளியும் வீணாகாது. ஆகவே விலை ஏற ஏற, கையில் காசு குறையக் குறையப் புகைத்தவன் ஊசிக்கு வந்தான். முன்பு ரிக்ஷாக் கூலியை ஊசியின்பால் தள்ளிய கணக்கே இவனையும் தள்ளியது.

சர்க்கார் கடுமையே மருந்தெனக் கண்டது. 1975-ல் கடத்துவோர்க்குத் தூக்கு வந்தது. 1983-ல் அது கட்டாயத் தூக்காயிற்று. கட்டாயம் என்பது 2023-ல் நீங்கியது. 1983-ஆம் ஆண்டிலேயே பிரதமர் மகாதீர் போதைப் பொருளை நாட்டின் முதற்பகைவன் என்று பிரகடனம் செய்தார். அவ்வாண்டுச் சட்டப்படி பழக்கத்துக்கு ஆட்பட்டோர் ஈராண்டு ‘பூசாட் செரந்தி’ என்னும் மறுவாழ்வு முகாம்களில் அடைக்கப்பெற்றனர். காலையில் அணிவகுப்பு, பகலில் வேலை. வெளியே வந்தோருள் பெரும்பாலோர் மீண்டும் பழைய சந்துக்கே சென்றனர். பகைவன் போதைப் பொருள் என்று சொல்லிவிட்டு அதில் விழுந்தவனோடு போர் தொடுத்தனர் என்பதே நம் அபிப்பிராயம். ஊசியும் கையுமாய்ப் பிடிபட்டால் சிறை என்றிருந்தபடியால், எவனும் தனக்கென ஓர் ஊசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் துணியவில்லை. சந்துமுனையில் ஒளித்து வைத்த பொது ஊசி ஒன்றைப் பத்துப் பேர் எடுத்துப் போட்டுக்கொண்டனர். சட்டத்தின் நோக்கம் அதுவன்று, விளைவு அதுவாயிற்று.

1986-ல் மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி காணப்பட்டார். 2002-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாய் 6,978 பேர். அவருள் ஏறத்தாழ நால்வரில் மூவர்க்கு அது ஊசி வழி வந்தது. அப்போதுதான் கண் திறந்தது. 2005 அக்டோபரில் மெத்தடோன் என்னும் மருந்து கொடுக்கத் தொடங்கினர். அது வாயால் குடிப்பது. ஹெராயின் வேட்கையைத் தணித்து மனிதனை வேலைக்குப் போகச் செய்வது. 2006-ல் பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. சர்க்காரே ஊசி கொடுப்பதா என்று பலரும் கொதித்தெழுந்தனர். சமயவாதிகளின் எதிர்ப்பும் சிறிதன்று. ஆயினும் 2010-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தை அடுத்த அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் வழங்கத் தொடங்கினர் என்பதையும் இங்குக் குறித்தாக வேண்டும். 2002-க்குப் பின் பத்தாண்டுகளில் ஆண்டுதோறும் புதிதாய் எச்.ஐ.வி. பெறுவோர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவருள் ஊசியால் பெற்றோர் சிறுபான்மையினராயினர். அடியும் அணிவகுப்பும் இருபதாண்டில் செய்யாததை ஒரு புதிய ஊசியும் ஒரு குவளை மருந்தும் செய்தன.

ஆனால் ஹெப்பட்டைட்டிஸ் ‘சி’ அவ்வளவு எளிதில் மடங்கவில்லை. இரத்த வழியே தொற்றுவதில் அது எச்.ஐ.வி.யை விடப் பன்மடங்கு வல்லது. ஊசியைப் பகிராவிட்டாலும், பொடி கரைத்த கரண்டியையும், வடிகட்டிய பஞ்சையும், கலந்த தண்ணீரையும் பகிர்ந்தால் போதும். ஊசிக் குழாயில் தங்கிய சிறிது இரத்தத்தில் அக்கிருமி 63 நாள் வரை உயிரோடிருக்கக் கூடும் என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2010-ல் சோதித்துக் காட்டினர். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் போதைப் பொருள் ஆராய்ச்சி செய்த விக்னசிங்கம், நாராயணன், நவரத்தினம் ஆகியோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வராது ஊசி போட்டுக்கொண்டிருந்தோரில் மூவர்க்கு இருவர் இரத்தத்தில் இந்நோயின் தடத்தைக் கண்டனர். நாடு முழுதுமாக 2009-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்ட தொகை ஏறத்தாழ 4,54,000 பேர். அவருள் பத்தில் அறுவர்க்கு ஊசியே வாயிலாயிற்று.

இந்நோயின் சூழ்ச்சி அதன் மௌனத்தில் இருக்கிறது. கிருமி புகுந்தோருள் சிலர் ஆறு திங்களுக்குள் தாமே குணமடைந்து விடுவர். ஏனையோர், அஃதாவது நூற்றுக்கு எழுபது பேரளவில், அதனை உள்ளே வைத்துக்கொண்டே உண்டு, உழைத்து, மணம் புரிந்து வாழ்வர். காய்ச்சலில்லை, வலியில்லை. இருபதாண்டில் அவருள் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர்க்கு ஈரல் சுருங்கி இறுகிவிடுகிறது. வயிற்றில் நீர் கோக்கிறது; இரத்தம் வாந்தியாகிறது; சிலர்க்கு ஈரலில் புற்று வைக்கிறது. மதுவும் சேருமாயின் அழிவு விரைவுபடும். தோட்டத்தை விட்டு வெளியேறி நகர்ப்புறத்தில் குடியேறிய நம் குடும்பங்களில், ‘குடித்தே செத்தான்’ என்று முடிவு கட்டப்பெற்ற சாவுகளில் எத்தனைக்கு மெய்க்காரணம் இக்கிருமியோ, எவர் சோதித்தார்?

இங்குதான் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி உள்ளது. 1980-களில் இருபது வயதில் ஒருவன் நண்பர்களோடு சேர்ந்து ஓராண்டு, ஈராண்டு ஊசி போட்டிருப்பான். பின்னர்த் திருந்தினான். லாரி ஓட்டினான், மணம் புரிந்தான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். கோயில் திருவிழாவில் முன்னின்று வேலை செய்கிறான். பழைய கதையை மனைவியிடமும் சொன்னதில்லை. இன்று அவனுக்கு அறுபது வயது. அவன் பழக்கத்தை விட்டான். கிருமி அவனை விடவில்லை. நாற்பதாண்டுக்கு முன் ஒரு மாலையில் வாங்கியது அவன் ஈரலை அன்றாடம் சிறிது சிறிதாய்த் தின்றுகொண்டிருக்கிறது. வைத்தியர் ‘எப்போதேனும் ஊசி போட்டதுண்டா?’ என்று கேட்டால் மகளை அருகில் வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்பான். அந்த ஒரு சொல் அவனைக் கொல்லக் கூடும். அவன் கெட்டவனாயிருப்பின் சொல்லியிருப்பான், மானமுள்ளவனாகையால் மறைக்கிறான்.

அவனை மறைக்கச் செய்வது யார்? நாமே. ‘ஈரல் நோய்’ என்று கேட்ட மாத்திரத்தில் தட்டையும் குவளையையும் வேறாக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. இக்கிருமி உணவால் பரவாது, தண்ணீரால் பரவாது, தாய்ப்பாலால் பரவாது. தொடுவதாலும் தழுவுவதாலும் ஒரு தட்டில் உண்பதாலும் பரவாது. இரத்தம் படக்கூடிய சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷையும் தனியே வைத்துக்கொண்டால் வீட்டளவில் போதுமானது. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்ததை எதிர்த்துப் போராடியவர் வழிவந்த நாம், நம் அடுக்களையில் தகப்பனுக்குத் தனிக்குவளை வைப்போமாயின் அதனை என்னென்பது! பச்சை குத்துவோரும் நாவிதர் கடையினரும் ஊசியையும் கத்தியையும் ஆளுக்கொன்றாக மாற்றுகின்றனரா என்று பார்ப்பதில் அவ்வளவு கவலையையும் செலுத்துவது மேல்.

மருந்தின் கதை இனி. 2010-களின் தொடக்கம் வரை இந்நோய்க்கு இருந்த சிகிச்சை இன்டர்பெரான் ஊசி. வாரந்தோறும், பலர்க்கு 48 வாரம் வரை. காய்ச்சல், சோர்வு, மனத்தளர்ச்சி; அதன் பின்னும் குணம் நிச்சயமில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சொபோஸ்புவிர் என்னும் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. இதனையும் இதன் இனத்து மற்றொரு மாத்திரையையும் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் உண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் அடியோடு குணமாகின்றனர். வைத்திய சரித்திரத்தில் இது பெரிய நிகழ்ச்சியே. விலையோ, பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 அமெரிக்க டாலர்! நாளொன்றுக்கு ஒரு மாத்திரை, மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர். அன்றைய நம் வெள்ளிக் கணக்கில் இரண்டரை லட்சத்துக்கு மேல். லாரி ஓட்டுகிறவன் எங்கே போவான்?

ஒரு கம்பெனியின் தனியுரிமையை மீறி, பொது நன்மைக்காகச் சர்க்காரே மலிவு மருந்தைத் தருவிக்க மலேசியப் பேடண்டுச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. அச்சட்டமும் 1983-ஆம் ஆண்டினதே என்பது வேடிக்கையான ஒற்றுமை. எச்.ஐ.வி. மருந்துகளுக்காக 2003-ல் அவ்வதிகாரத்தை மலேசியா கையாண்டதுண்டு. 2017 செப்டம்பரில், அப்போது சுகாதார அமைச்சராயிருந்த டாக்டர் எஸ். சுப்பிரமணியம், சொபோஸ்புவிருக்கும் அதனைக் கையாளப் போவதாக அறிவித்தார். இம்மருந்துக்காக உலகில் இவ்வழி சென்ற முதல் நாடு மலேசியாவே. உரிமை பெற்ற கம்பெனி அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, அதுவரை மறுத்து வந்த மலிவு உரிமப் பட்டியலில் மலேசியாவையும் சேர்த்துக்கொண்டதாக அறிவித்தது. வாதங்கள் செய்யாததைச் சில வேளை ஒரு சட்டப் பிரிவை எடுத்துப் பார்ப்பதே செய்துவிடுகிறது. 2018 முதல் பொது ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சை இலவசமாய்க் கிடைக்கத் தொடங்கியது.

அம்மருந்து வந்த இடத்தை வாசகர் ஊகித்திருக்கலாம். எகிப்து! ஊசியால் புண்பட்ட அந்நாட்டிலேயே பார்க்கோ என்னும் கம்பெனி மலிவு மாத்திரைகளைச் செய்து, பன்னிரண்டு வாரச் சிகிச்சையை ஏறத்தாழ 300 டாலருக்குத் தர ஒப்பியது. அவர்களது ரவிதாஸ்விர் என்னும் புதிய மருந்தைச் சொபோஸ்புவிரோடு சேர்த்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளரிடம் சோதித்தனர். நூற்றுக்கு 97 பேர் குணமடைந்த செய்தி 2018-ல் வெளிவந்தது. 2021-ல் மலேசியா அதனைப் பதிவு செய்தது. எகிப்தோ 2018, 2019 ஆண்டுகளில் ஏழே மாதத்தில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைச் சோதித்து, நோய் கண்டோர்க்கு மருந்து கொடுத்தது. 2023-ல் அந்நோயை ஒழிக்கும் பாதையில் தங்கத் தரம் எய்திய முதல் நாடு என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் அதனைச் சிறப்பித்தது. கடைசி உழவன் வரை தேடிப் போய்ச் சோதித்ததே அவர்கள் செய்த வேலை. தேடுவதற்கு அங்கு வெட்கம் தடையாயிருக்கவில்லை, ஊசி போட்டவர் சர்க்காராகையால்.

நம் நாட்டில் தேட வேண்டியவர் மறைந்திருப்போர். அவர்க்கு மருந்து கொடுப்பதையே வீண் என்பாரும் உளர். ‘இன்னும் ஊசி போடுபவனுக்கு ஏன் கொடுப்பது? மாத்திரையை ஒழுங்காய் உண்ணமாட்டான், மறுபடியும் நோயை வாங்கிக்கொள்வான்’ என்பர். இவ்வெண்ணத்தால் பல நாடுகளில் நெடுங்காலம் அவரை வாயிற்படியிலேயே நிறுத்தினர். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அண்மைக் காலத்தில் ஊசி போட்டவராகிய 103 பேர்க்கு மாத்திரை கொடுத்ததில் 97 பேர் குணமடைந்தனர். ஏனையோர்க்குக் கிட்டும் பலனுக்கு இது குறைந்ததன்று. மறுபடியும் தொற்றக் கூடும் என்பது மெய்தான். ஒருமுறை குணமடைவதால் மீண்டும் வராமற் காக்கும் சக்தி உண்டாவதில்லை. ஆயினும், நோயைப் பிறர்க்குக் கொடுத்துக்கொண்டிருப்பவனை விட்டுவிட்டு, எவர்க்கும் கொடாத முதியவனுக்கு மட்டும் மருந்து கொடுப்பது, ஓட்டைத் தோணியில் ஓட்டையை விட்டுவிட்டு நீரை மட்டும் இறைப்பதாகும். புதிய ஊசியும் மெத்தடோனும் மாத்திரையும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

முதற்சோதனைக்கு விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். 2019 முதல் சர்க்கார் சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் அதனைச் செய்யத் தொடங்கினர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அச்சோதனை காட்டுவது கிருமியையன்று, கிருமி என்றேனும் உள்ளே வந்து போனதன் தடத்தை மட்டுமே. ஆகவே ‘உண்டு’ என்று வந்தால் அஞ்சி ஓடிவிடாமல், கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாம் சோதனையையும் செய்துகொள்ள வேண்டும். தாமே குணமடைந்தவர் அங்கேயே விடுதலை பெறுவர். ஏனையோர் பன்னிரண்டு வாரம், ஈரல் முன்னரே இறுகிப் போயிருப்பின் சிலர்க்கு அதனினும் நீண்ட காலம், மாத்திரை உண்பர். முடித்துப் பன்னிரண்டு வாரம் சென்றபின் மீண்டும் இரத்தம் எடுத்துக் கிருமி இல்லையெனக் கண்டால் குணமென்று எழுதிக் கொடுப்பர். ஈரல் இறுகியோர் அதன் பின்னரும் ஆறு மாதத்துக்கொரு முறை புற்றுக்கான சோதனைக்குச் செல்ல வேண்டும். முதற்சோதனையோ குணமானவரிடத்தும் பெரும்பாலும் ஆயுள் முழுதும் ‘உண்டு’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளிமாரும், சம்பந்தம் பேச வரும் வீட்டாரும், அக்காகிதத்தைக் கண்டால் இரண்டாம் சோதனையின் காகிதத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கக் கடவர்.